அவுரேலியாவின் இடப்பக்க இருக்கை

என் இருக்கையில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய சோபாவா என்று கேட்காதீர்கள். லான்சியா அவுரேலியா வண்டியின் இடப்பக்க இருக்கை அது. சாம்பல் நிறத் துணி போர்த்தியது, ஒரு ஸ்பிரிங் கொஞ்சம் குத்தும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்பிரிங் குத்தியது என்னைத்தான், வேறு யாரையும் இல்லை.

வண்டி ஐம்பத்துமூன்றாம் வருஷத்தியது. என் புருஷன் லெயார்கோவிடம் அதைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள், சாப்பாடு ஆறிப்போய்விடும். ஐம்பத்தொன்றில் நம்ம ப்ரெஷா ஊரிலிருந்து கிளம்பும் ஆயிரம் மைல் பந்தயத்தில், இதன் அண்ணன் வண்டி வெறும் இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்துக்கொண்டு மொத்தத்தில் இரண்டாவதாக வந்ததாம், முதலில் வந்தது நாலு லிட்டருக்கும் மேலே. மறு வருஷம் சிசிலி மலைப் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் இதே ஜாதி. கியர்பெட்டி பின்னால் இருப்பதால் வளைவில் வண்டி தரையைக் கவ்விப் பிடிக்கும். நூற்றுப் பதினெட்டுக் குதிரை, மணிக்கு நூற்று எண்பத்தைந்து கிலோமீட்டர். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். குழாய்ப் பட்டறையில் முப்பது வருஷம் திருகாணி கடைந்தவனுக்கு இத்தனை வாய் எங்கிருந்து வந்தது என்று எங்கள் சொந்தக்காரர்களுக்கே ஆச்சரியம்.

அந்த நூற்று எண்பத்தைந்தை நாங்கள் என்றைக்கும் பார்த்ததில்லை. இப்போது பழைய வண்டிகளுக்கு நடப்பது வேகப் பந்தயம் இல்லை, நேரப் பந்தயம். சாலைக்குக் குறுக்கே ஒரு ரப்பர் குழாய் போட்டிருப்பார்கள். எண்பது மீட்டர் தள்ளி இன்னொன்று. முதல் குழாயில் முன்சக்கரம் ஏறியதிலிருந்து சரியாகப் பன்னிரண்டு விநாடியில் இரண்டாவதில் ஏற வேண்டும். முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது. நூறில் ஒரு பங்கு விநாடி பிசகினால் ஒரு தண்டப் புள்ளி. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவர்களுக்குக் கோப்பை. மின்னல் மாதிரிப் பறந்த வண்டியை நத்தை மாதிரி ஊர்ந்து ஜெயிக்க வேண்டும் என்றால் எப்படியிருக்கும்!

ஓட்டுகிறவன் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டான். அவன் கண் குழாயின் மேல்தான் இருக்கும். பக்கத்தில் இருப்பவள் ஸ்டாப் வாட்சைப் பார்த்து, "ஐஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு, போ!" என்று எண்ணுவாள். அந்தப் "போ"வில் சக்கரம் ஏற வேண்டும். அவனுக்குக் காதுதான் எல்லாம். இருபத்திரண்டு வருஷம் லெயார்கோவின் காதில் எண்ணியது நான். வாய்விட்டுச் சொல்கிறேன், இந்த வட்டாரத்தில் என்னைவிடச் சீராக எண்ணுகிறவர்கள் கிடையாது. ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் என்னிடம் மயிரிழை வித்தியாசம் இருக்காது. மற்ற ஜோடிகளே ஒத்துக்கொண்ட விஷயம் இது.

ஏப்ரலில் என் வலது கண்ணின் விழித்திரை கிழிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், "மூன்று மாசத்துக்குக் குலுங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். நாங்கள் வருஷா வருஷம் ஓடும் மூன்று ஏரிச் சுற்றுப் பந்தயம் ஜூனில். நான் ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கும்போதே லெயார்கோ மெதுவாக ஆரம்பித்தான்.

"இந்த வருஷம் மட்டும் யாரையாவது ஒக்கார வச்சுக்கிறேன். என்ன சொல்றே?"

"யாரை?"

"ரொவாத்தோ நீச்சல் குளத்துல டோரியானான்னு ஒருத்தி. பசங்களுக்கு நேரம் பாக்குறவ. கட்டைவிரல் நல்லா ஓடுதாம்."

கட்டைவிரல் ஓடுகிறதாம்! இதை எப்போது விசாரித்தான்? என் கண்ணில் கட்டுப் போடும்போதே விசாரித்திருப்பான். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னமோ பண்ணு" என்றேன். அந்த "என்னமோ பண்ணு"வை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆகியும் அந்த ஆளுக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடு செய்யும் தொழிற்சாலையின் காலி மைதானத்தில் இருவரும் பழகினார்கள். நான் வீட்டில் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். மத்தியானம் சீட்டியடித்துக்கொண்டே வருவான். "ஆர்மிதா! இன்னிக்கு மூணு சைபர்!" என்பான். சைபர் என்றால் ஒரு புள்ளிகூடப் பிசகாதது. என்னோடு ஒரு வருஷத்தில் நாலைந்து சைபர் வந்தால் பெரிது. இவளோடு ஒரே காலையில் மூன்று வந்ததாம். அன்றைக்கு அவனே சமைத்தான், எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது, குளோரின் வாடை, ஆண்பிள்ளைத் தோள். லெயார்கோவுக்கு அறுபத்து நாலு, இடுப்பு வலிக்குப் பெல்ட். அந்த மாதிரி விவகாரமாக இருந்தால் எனக்குச் சுலபம், நாலு தட்டை உடைத்துவிட்டுப் போயிருப்பேன். கட்டிலை ஒருத்தி பிடுங்கினால் ஊரே என் பக்கம் நிற்கும். சைபரைப் பிடுங்கினால் யாரிடம் போய் அழுவது?

பந்தயத்துக்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் அவன் அதைச் சொன்னான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்.

"நாளைக்கு நல்லபடியா முடிஞ்சா, அடுத்த வருஷமும் நீ சிரமப்பட வேணாம், ஆர்மிதா. கண்ணுக்கு ரெஸ்ட் குடு. கீழ நின்னு ஜாலியா பாரு."

"நல்லபடியான்னா?"

"ஜெயிச்சா."

"ஜெயிச்சா எனக்கு எடமில்லை. அதானே?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"வேற எப்படிச் சொன்னே?"

அவன் ஒயினை ஊற்றிக் குடித்தான். இருபத்திரண்டு வருஷத்தில் நாங்கள் ஒரு தடவைகூட முதலாவதாக வந்ததில்லை. மூன்று தடவை இரண்டாவது. போன வருஷம் நாலே புள்ளியில் விட்டோம். அந்தக் கோப்பையை அவளோடு தூக்கிவிட்டான் என்றால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு, "இறங்குடி, அது என் எடம்" என்று கேட்பேன்?

மறுநாள் ரொட்டிக்கடை செலிண்டா என்னைத் தன் வண்டியில் கூட்டிப்போனாள். என் பள்ளிக்கூடத் தோழி, நாக்கு கத்தி. கடைசிச் சோதனை இசெயோ ஏரிக்கு மேலே, மரம் அறுக்கும் பட்டறைச் சந்தில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள். காலைச் சுற்று முழுவதும் முடிந்து எங்கள் அவுரேலியா முதலிடம், கிரெமோனாக்காரர் ஒருவரின் ஃபியட்டைவிடப் பதினொரு புள்ளி குறைவு. மிச்சம் இருப்பது இந்த ஒரே குழாய்.

"அடேயப்பா! உன் வீட்டுக்காரன் இன்னிக்குக் கோப்பையைத் தூக்கிருவான் போலிருக்கே," என்றாள் செலிண்டா. "ஏண்டி மூஞ்சி இப்படிப் போகுது? பச்சை எலுமிச்சையைக் கடிச்ச மாதிரி?"

"வெயில்."

"வெயிலா? அப்ப அந்தப் பக்கம் மர நிழல்ல நில்லு. எதுக்கு இந்தப் பக்கம் வந்து வேகுறே?"

நான் நின்றது சந்தின் வலப்பக்கம். அந்தக் காலத்து லான்சியாவில் ஸ்டீரிங் வலப்பக்கம்தான். ஓட்டுகிறவனின் காது என் பக்கமாகப் போகும். இது செலிண்டாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஏன் அங்கே நின்றேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. கழுத்தில் என் பழைய ஸ்டாப் வாட்ச் தொங்கியது. வீட்டிலிருந்து கிளம்பும்போது அதை எடுத்து மாட்டிக்கொண்டது யார், பேயா? நான்தான்.

ஒவ்வொரு வண்டியாக வந்தது. ஓர் ஆல்ஃபா ஏழு புள்ளி, ஒரு மசெராட்டி பத்தொன்பது. அதன் முதலாளி வண்டிக்குள்ளேயே தலையில் அடித்துக்கொண்டார். கிரெமோனாக்காரர் மூன்றோடு முடித்தார். அவர் பெண்டாட்டி ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கூட்டத்துக்கு முத்தம் பறக்கவிட்டாள். அப்படியானால் லெயார்கோவுக்குப் பதின்மூன்று புள்ளி வரை பிசகலாம், அப்படியும் கோப்பை அவனுக்குத்தான். பதின்மூன்று என்பது பெரிய அகலம். இந்த வருஷம் அந்தப் பெண் ஐந்தைத் தாண்டியதே இல்லை.

அப்புறம் எங்கள் வண்டி வந்தது. பார்க்காமலே தெரியும். ஆறு சிலிண்டரும் சேர்ந்து ஒரு முனகல் முனகும், வேறு எந்த வண்டிக்கும் அந்தக் குரல் கிடையாது. கருநீல மூக்கு சந்துக்குள் திரும்பியது. ஜூன் வெக்கையில் இரண்டு ஜன்னலும் இறங்கியிருந்தன. டோரியானா தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்தாள். என் இருக்கையில் முதுகு சாயாமல், நேராக, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி. நான் எப்போதும் கால் வைக்கிற இடத்தில் அவள் கால்.

முன்சக்கரம் முதல் குழாயில் ஏறியது. என் கட்டைவிரல் தானாக அழுத்தியது.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று மறைக்கப் போவதில்லை. தெரிந்தேதான் செய்தேன். தவறிச் செய்தேன் என்று சொன்னால் என் தொழிலுக்கே கேவலம். ஏழு விநாடி ஆனபோது அவள் "ஐஞ்சு" என்று சொன்னது உதட்டில் தெரிந்தது. நான் அரை விநாடி பொறுத்தேன். பொறுத்துவிட்டு, மீன் சந்தைக்கே கேட்கிற என் குரலில் ஆரம்பித்தேன்.

"ஐஞ்சு!"

செலிண்டா துள்ளி விழுந்தாள். "நாலு! மூணு!" ஒவ்வொன்றும் சுத்தமாக, சீராக, மயிரிழை பிசகாமல், எல்லாமே அரை விநாடி தள்ளி. லெயார்கோவின் தலை அசையவில்லை, கண் குழாயில்தான் இருந்தது. சக்கரம் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவளுடைய "போ" வந்திருக்க வேண்டிய இடம் அது. அங்கே வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்தேன். பின் விளக்கு சிவப்பாக ஒரு சொட்டு எரிந்தது. அவன் எனக்காகக் காத்திருந்தான்.

"போ!" என்றேன். சக்கரம் ஏறியது.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாண நாளில்கூட அவ்வளவு இல்லை. பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து காதுக்குள் கத்துகிறாள், அதை விட்டுவிட்டுத் தெருவில் நிற்கிற என் குரலைப் பிடித்துக்கொண்டானே! என் ஆள்! என் காது!

"இங்கெல்லாம் கத்தக் கூடாது, சிஞோரா," என்று கையில் பட்டை கட்டிய ஒரு தொண்டர் வந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன், போய்விட்டார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. "அவுரேலியா... ஐம்பத்திரண்டு." கூட்டம் "ஐயோ" என்றது. முதலிடம் போய் ஆறாமிடம். கிரெமோனாக்காரரின் பெண்டாட்டி எங்கேயோ கத்திச் சிரிக்கிறது கேட்டது.

செலிண்டா என் கையைப் பிடித்தாள். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. "என்னடி பண்ணித் தொலைச்சே?" என்றாள்.

இசெயோ சதுக்கத்தில் எல்லா வண்டியையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து ப்ரெஷாவுக்குப் போய் மேடையேற வேண்டும். நான் நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை. டோரியானா வண்டியின் பக்கவாட்டில் சாய்ந்து நின்றிருந்தாள். கண் சிவந்து, மூக்கு வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"மன்னிச்சிருங்க, சிஞோரா. எல்லாம் என்னாலதான்."

"என்னது?"

"நீங்க எண்ணினது எனக்கும் கேட்டுச்சு. நான் அரை விநாடி முந்திட்டேன் போல. எப்படின்னே தெரியல, முதல் குழாய்ல வாட்சைச் சீக்கிரமா அழுத்திட்டேனோ என்னவோ, ஒண்ணும் புரியல. நீங்க தப்பா எண்ண மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். நான் குளத்துக்கே போயிடறேன். இந்த எடம் உங்களோடது. நான் வந்திருக்கவே கூடாது."

கேட்டீர்களா? நான் ஆசைப்பட்டது அத்தனையும் அவளே தட்டில் வைத்து நீட்டினாள். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. "பரவாயில்லடி, போகப் போகப் பழகிடும்" என்று தோளைத் தட்டினால் போதும், இருக்கை எனக்கு. அப்போதும் எனக்கு அவள் மேல் பொறாமைதான் வந்தது. இத்தனை சுலபமாகத் தன்மேல் பழியைப் போட்டுக்கொள்ள எனக்கு ஜென்மத்துக்கும் வராது.

லெயார்கோ நேரச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். களைத்திருந்தான்.

"ரெண்டு பேரும் எண்ணினீங்க," என்றான். "ரெண்டும் ஒத்துப்போகல. இருபத்திரண்டு வருஷத்துல நீ ஒரு தடவைகூடத் தப்பினதில்ல, ஆர்மிதா. அதனால இவதான் தப்புன்னு நெனச்சு, பிரேக்ல காலை வச்சேன். சொல்லு. இவ தப்பா எண்ணினாளா?"

டோரியானா தரையைப் பார்த்துத் தலையாட்டினாள், ஆமாம் என்று.

அவள் எண்ணியது சரி. அது எனக்குத் தெரியும். என் வாட்சில் இருக்கிறது. பொய் தொண்டை வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. ஒரு சரியான எண்ணிக்கையைத் தப்பு என்று என் வாயால் எப்படிச் சொல்வது?

"இவ எண்ணினது சரி," என்றேன்.

"அப்ப நீ தப்பிட்டியா?"

இதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கண் சரியில்லை, வாட்ச் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை. அவன் அதைத்தான் எதிர்பார்த்தான், முகத்தில் எழுதியிருந்தது. தப்பிக்க எனக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"நான் தப்பா எண்ண மாட்டேன், லெயார்கோ."

டோரியானா தலையை நிமிர்த்தினாள். லெயார்கோ சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சீட்டைப் பார்த்தான்.

"ஐம்பத்திரண்டு," என்றான் மெதுவாக. "ஐம்பது உன்னோடது. மிச்ச ரெண்டு என் கால் செஞ்சது. இவளோடது ஒண்ணுமே இல்ல."

"ஆமா."

"நான் உன்னை நம்பித்தான் நிறுத்தினேன்."

"தெரியும்."

சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். ஏன் செய்தாய் என்று கேட்டிருந்தால் பக்கம் பக்கமாகச் சொல்லியிருப்பேன். அந்த மூன்று சைபரிலிருந்து ஆரம்பித்திருப்பேன். கேட்கவில்லை. வண்டியைச் சுற்றிப் போய் வலப்பக்கம் ஏறிக்கொண்டு, "ஏறு, டோரியானா. ஆறாவதா வந்தாலும் மேடைக்குப் போகணும்," என்றான்.

அவள் என்னைப் பார்த்தாள். ஏறவா வேண்டாமா என்று என்னிடமே கேட்கிற மாதிரி. அப்புறம் ஏறி உட்கார்ந்தாள்.

அந்த இடப்பக்கக் கதவு உள்ளிருந்து இழுத்தால் சாத்தாது. கீல் தேய்ந்துபோனது. வெளியே நின்று ஒரு தூக்குத் தூக்கி அழுத்த வேண்டும். இத்தனை வருஷமும் லெயார்கோ சுற்றி வந்து எனக்குச் சாத்திவிட்டுத்தான் தன் பக்கம் போவான். இன்றைக்கு மறந்துவிட்டான், இல்லை, வரப் பிடிக்கவில்லை. டோரியானா இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் போய்க் கதவைத் தூக்கி அழுத்திச் சாத்தினேன்.